பூதக்கண்ணாடியின் துணி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. வேலை செய்கிற இடத்தில் அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. முகத்துக்கு நேரே எல்லாருக்கும் அவள் அக்கா. முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. அந்தப் பட்டப்பேர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூர அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். மனிதர்களுக்குப் பட்டப்பேர் சும்மா வந்துவிடுமா என்ன?

பெரிய பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் உழைக்கவைத்துவிட்டுக் கழித்துப்போடுகிற லேப்டாப்புகள் அட்டைப்பெட்டிகளில் அடைந்து அவள் வேலை செய்யும் இடத்துக்கு வந்து இறங்கும். ஒருத்தர் பெட்டியைப் பிரிப்பார், ஒருத்தர் உள்ளே இருப்பதை அழிப்பார், ஒருத்தர் பழுது பார்ப்பார். பிரித்ததும் நேரே வந்தாலும், பழுது பார்த்த பிறகு வந்தாலும், எல்லாமே பூதக்கண்ணாடியின் மேசைக்கு வந்துதான் ஆகவேண்டும். லேப்டாப் ஓடுகிறதா இல்லையா என்பது அவள் கவலை இல்லை. அதன் அலுமினிய உடம்பில் எங்கே கீறல், எங்கே நசுங்கல், எங்கே நிறம் போயிருக்கிறது என்று பார்த்து ஏ, பி, சி என்று தரம் எழுதுவது அவள் வேலை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தும் ஒன்றும் தெரியாவிட்டால் ஏ. கண்ணுக்குத் தெரிந்து நகத்தில் தட்டாவிட்டால் பி. நகத்தில் தட்டினால் சி. அதற்கென்றே வலது ஆள்காட்டி விரல் நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருந்தாள்.

பதினொரு வருடமாக இதே வேலை. அதற்கு முன்னால் ஒரு பாத்திரக்கடையில் நின்றாள். பளபளவென்று இருக்கிற குடத்தைத் திருப்பி ஒடுக்கைக் கண்டுபிடிக்கும் வித்தை அங்கே வந்ததுதான். இங்கே கூட்டித் துடைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். சேர்ந்த நாலாம் மாதம், தரம் பார்க்கிறவர் ஏ என்று எழுதி வைத்திருந்த ஒன்றைத் துடைப்பமும் கையுமாக நின்று பார்த்துவிட்டு, "சார், மூடிக்கு மேல மயிரிழை மாதிரி ஒண்ணு ஓடுது" என்றாள். அவர் இரண்டு தடவை பார்த்தும் தெரியவில்லை, மூன்றாவது தடவை தெரிந்தது. அவர் வேறு இடத்துக்குப் போனபோது நாற்காலி இவளுக்கு வந்தது.

கீறலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். "இந்த மனுஷன் வாட்ச்சைக் கழட்டவே மாட்டான்போல, இடது பக்கம் பூரா கொக்கி உரசியிருக்கு." "இந்தப் பொண்ணுக்கு எப்பவும் அவசரம், சார்ஜர் ஓட்டையைச் சுத்திப் பாரு, குத்துக் குத்துன்னு குத்தியிருக்கா." கை வியர்க்கிறவர்கள் உள்ளங்கை வைக்கிற இடத்தில் அம்மைத் தழும்புபோலப் புள்ளி விழுந்திருக்கும். முகம் தெரியாத மனிதர்களைப்பற்றி அக்கம்பக்கத்துக் கதைபோல அவள் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் தேநீர் ஆறுவதையும் மறந்து கேட்பார்கள்.

வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. புது பீரோ கொண்டுவந்து இறக்கியவர்கள் வேர்வை துடைப்பதற்குள் ஏழு கீறலை எண்ணிச் சொன்னவள். அவள் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஒருநாள் கேட்டார், "என்னை என்ன கிரேடுல எடுத்தே?"

"அப்ப கையில விளக்கு இல்லையே" என்றாள்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் தன் கையில் இருப்பதைப் பார்க்காமல் விட்டதுதான் இந்தக் கதை.

கணவரின் தம்பி குடும்பமும் அதே வீட்டில் மாடியில் இருந்தது. கொழுந்தனின் மனைவி, இவளுக்கு ஓரகத்தி, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஆறு வருடம் ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்தவள். சோடாவும் வெளுப்புத் தூளும் அவள் கையைத் தின்றிருந்தன. உள்ளங்கை காய்த்து, விரல் நுனிகளெல்லாம் வெடித்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். பெண் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். குழந்தைக்கு ஒன்றரை வயது ஆனதும் மறுபடி எங்கேயாவது போகவேண்டும் என்றாள். பூதக்கண்ணாடி மேனேஜரிடம் சொல்லிப் பெட்டி பிரிக்கிற மேசையில் அவளைச் சேர்த்துவிட்டாள். குழந்தை பகலில் ஒரு காப்பகத்தில். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். ஓரகத்திகள் இத்தனை ஒற்றுமையாக இருப்பது உலகத்துக்கு ஆகாது என்று கொழுந்தன் கேலி செய்வான்.

சின்னவள் சேர்ந்த மூன்றாம் வாரம் அடர்சாம்பல் நிறத்தில் நூற்றிருபது லேப்டாப் வந்தது. அத்தனையும் ஒரே இடத்துக்கு ஏ தரத்தில் போகவேண்டியவை, அதிகம் பயன்படுத்தாதவை என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அடர் நிறம் என்றாலே தலைவலி. அலுமினியத்தின் மேலே மெல்லிய, கெட்டியான ஒரு தோல் இருக்கிறது. நிறம் அந்தத் தோலில்தான். அது கீறிவிட்டால் அடியில் இருக்கிற வெள்ளை பல்லை இளிக்கும். தேய்த்துச் சரிசெய்யலாம் என்று போனால் இன்னும் இளிக்கும்.

முதல் நாள் பார்த்த முப்பதில் பதினெட்டில் கீறல். எல்லாமே மேல்மூடியில், எல்லாமே பிறைபோல வளைந்து, மிக மெல்லிசாக. நகத்தில் தட்டவில்லை, பி. மறுநாளும் அப்படியே. இத்தனை வருடத்தில் இப்படி வரிசையாக ஒரே மாதிரிக் கீறலை அவள் பார்த்ததில்லை. மேனேஜர் ஓடிவந்தார். வயதில் சின்னவர், எப்போதும் பஸ்ஸைத் தவறவிட்டவரைப் போலவே இருப்பார்.

"எங்கேருந்துக்கா வருது இது?"

அவள் யோசித்தாள். அனுப்பியவர்கள் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள், அதில் கீறல் இல்லை. ஆகவே இங்கேதான். இங்கே என்றால் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இழுத்திருக்கவேண்டும். இப்படித்தான் அவள் உண்மையிலேயே நினைத்தாள். அறிக்கையில், 'பிரிக்கும் இடத்தில் ஏற்பட்டது' என்று எழுதினாள். எழுதும்போது சின்னவளின் முகம் மனதில் வராமல் இல்லை. சொந்தக்காரி என்பதற்காகக் கண்ணை மூடினாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற நினைப்பும் கூடவே வந்தது. நேர்மைக்கும் ஒரு கர்வம் உண்டு, அது எழுத்தை இன்னும் அழுத்தமாக எழுதவைக்கும்.

மறுநாள் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக் கூட்டம். ஷட்டருக்குப் பக்கத்தில் எல்லாரும் நின்றபடியே கேட்கிற கூட்டம். மேனேஜர் அறிக்கையைப் படித்துவிட்டு, "கையைக் காட்டுங்கம்மா" என்றார். சின்னவள் இரண்டு கையையும் நீட்டினாள், வாத்தியார் முன்னால் பிள்ளைகள் நீட்டுகிற மாதிரி.

"இது கையா, உப்புத்தாளா? இந்தக் கையால தடவினா அலுமினியம் கீறாம என்ன செய்யும்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சின்னவள் பூதக்கண்ணாடியைப் பார்த்தாள்.

தோல் எத்தனை சொரசொரப்பாக இருந்தாலும் அந்தப் பூச்சைக் கீறாது. உலோகமோ கல்லோ மண்ணோதான் கீறும். அங்கே நின்ற இருபத்திரண்டு பேரில் அதை நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. 'அடுக்கி இழுத்ததுதானே காரணம், கையைப்பற்றி ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார், இதில் போய் நான் என்ன குறுக்கே பேசுவது' என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மதியம் சின்னவளைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் பூதக்கண்ணாடி வீட்டுக்கு வந்தபோது சின்னவள் மாடிப்படியிலேயே காத்துக்கொண்டிருந்தாள். சண்டைக்குத்தான் நிற்கிறாள் என்று இவள் நினைத்தாள். அவளோ, "உங்க பேரைக் கெடுத்துட்டேன்கா. என்னைச் சேர்த்துவிட்டு நீங்க தலைகுனிய வேண்டியதாயிடுச்சு, மன்னிச்சிருங்க" என்றாள். இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை பெட்டி பிரிக்கிற மேசையில் வேறு ஆள் நின்றார். பூதக்கண்ணாடியின் முறை எப்போதும் ஒன்றே: முதலில் மூடியைத் துணியால் வட்டமாக ஒரு துடைப்பு, அப்புறம் விளக்கு. தூசியோடு பார்த்தால் தூசியே கீறலாகத் தெரியும் என்பதற்காக அவளே வைத்துக்கொண்ட முறை. அன்றைக்கு முந்தைய லேப்டாப்புக்குப் போட்ட விளக்கை அணைக்க மறந்திருந்தாள். அடுத்ததை வைத்தாள். சாய்ந்த வெளிச்சத்தில் மூடி மாசுமறு இல்லாமல் கிடந்தது. துடைத்தாள். துணி போன வழியே பிறை விழுந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை என்று முதலில் பார்த்துக்கொண்டாள். அப்புறம்தான் துணியை விரித்தாள். நாலாக மடித்த மடிப்புக்குள்ளே சாம்பல் நிறத்தில் தூள், வெளிச்சத்தில் மினுமினுத்தது.

எப்படி வந்தது என்று அவளுக்கு நினைவு வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த நூற்றிருபது வருவதற்கு முதல் நாள், ஓரம் பிசிறடித்த ஒரு லேப்டாப்பைப் பழுது பார்க்கிறவர் உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவந்து, "வண்டி நிக்குதுக்கா, சீக்கிரம்" என்றார். உப்புத்தாள் பட்டு வருகிறதை முதலில் காற்றடித்து, கழிவுப் பஞ்சால் துடைத்து, பஞ்சைத் தூர எறிந்துவிடவேண்டும். நல்ல துணி அதன்மேல் படவே கூடாது. இந்த விதியைத் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பவள் அவள்தான். வண்டி நிற்கிறதே என்று தன் துணியால் துடைத்து, மடித்து, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அந்தத் துணியை அவள் யாரையும் தொடவிட்டதில்லை. ஆகவே பழியைப் பங்குபோடவும் ஆள் இல்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்த வேலி என்ன செய்யவேண்டும்? நேரே மேனேஜர் அறைக்குப் போயிருக்கவேண்டும். அவள் குப்பைத்தொட்டிக்குப் போனாள். காலி தேநீர்க் குவளைகளுக்கு அடியில் துணியைத் திணித்துவிட்டுப் புதுத் துணி எடுத்துக்கொண்டாள். அன்றோடு கீறல் நின்றது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தீங்களாக்கா, அந்தம்மா போனதும் நின்னுடுச்சு. உங்க கண்ணு கண்ணுதான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இரண்டு மாதம் அவள் அந்தப் பாவத்தோடு பஸ் ஏறி இறங்கினாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் அதில் பையை வைத்துக்கொள்வாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பாள். பதினொரு வருடத் தரமும் சந்தேகத்துக்கு வந்துவிடுமே என்று மதியம் தோன்றும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சின்னவளுக்கென்று எதையாவது வாங்கி வருவாள்: கைக்குத் தடவ ஒரு களிம்பு, குழந்தைக்கு ஒரு சட்டை. குற்றமுள்ள நெஞ்சு கடைகடையாக ஏறி இறங்கும்போல. சின்னவள் அந்தக் களிம்பை மூன்று வேளையும் விடாமல் தடவினாள்.

குழந்தையைக் குளிப்பாட்டுவது இப்போதெல்லாம் கொழுந்தன்தான். "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று அக்கம்பக்கமே அவனைப் புகழ்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வெளியே போயிருந்தான். குழந்தை மண்ணில் புரண்டுவிட்டு வந்து நின்றது. மாடிக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுப் பூதக்கண்ணாடி எட்டிப் பார்த்தாள். சின்னவள் குந்தியிருந்தாள். இரண்டு கையிலும் பழைய வேட்டித் துணியைக் கிழித்து, விரல் விரலாகச் சுற்றி மணிக்கட்டில் முடிந்திருந்தாள். அந்தத் துணிக் கையால் குழந்தையின் முதுகை ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? கையில காயமா?"

"இல்லக்கா. பிள்ளைத் தோல் பாருங்க, எவ்வளவு மெல்லிசு. லேப்டாப்பையே கீறின கை." கொஞ்சம் சிரித்தாள். "அதான் அவரையே குளிப்பாட்டச் சொல்லிட்டேன். இன்னைக்கு அவர் இல்ல."

பூதக்கண்ணாடி உள்ளே வந்தாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"உன் கை இல்லடி" என்றாள். "என் துணி."

"என்னக்கா?"

"கீறினது என் துணி. உப்புத்தாள் தூள் ஒட்டியிருந்துச்சு. நான் துடைச்சுத் துடைச்சு நானே கீறியிருக்கேன். உன் கை ஒண்ணும் செய்யல. எந்தக் கையாலயும் அதைக் கீற முடியாது. அன்னைக்கு மேனேஜர் சொன்னப்பவே எனக்கு அது தெரியும்."

தண்ணீர் வாளியில் வழிந்துகொண்டிருந்தது. சின்னவள் குழாயை மூடினாள்.

"துணின்னு எப்பத் தெரியும்?"

"நீ போன அடுத்த திங்கள்."

"அப்ப ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசம்."

சின்னவள் மணிக்கட்டு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். துணியை உருவி ஒரு மூலையில் போட்டாள். வெறும் கையால் குழந்தையின் முதுகைத் தேய்த்தாள், கழுத்தைத் தேய்த்தாள், காதுக்குப் பின்னால் தேய்த்தாள். குழந்தை கூச்சத்தில் கெக்கெக்கென்று சிரித்தது. அவள் அழுதுகொண்டே தேய்த்தாள். பூதக்கண்ணாடி எழுந்து போகவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் அங்கேயே இருந்தாள். குழந்தைக்குத் தலை துவட்டி முடித்த பிறகுதான் சின்னவள் பேசினாள்.

"அங்க சொல்லுங்க. ஒன்பது மணிக்கு, எல்லாரும் நிக்கும்போது. என் கையை எந்த இடத்துல காட்டச் சொன்னாங்களோ அந்த இடத்துல."

"சொல்றேன்."

"நானும் வர்றேன்."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பூதக்கண்ணாடி முன்னால் போய் நின்றாள். சின்னவள் ஷட்டர் ஓரமாக, உள்ளே வராமல் நின்றாள். பூதக்கண்ணாடி எதையும் மழுப்பவில்லை. துணி, தூள், சுவரில் ஒட்டிய விதி, குப்பைத்தொட்டி, இரண்டு மாதம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். "என் தப்புக்கு இவளை அனுப்பிட்டோம். அன்னைக்கு இவ கையைப் பார்த்துச் சிரிச்சப்போ, அது பொய்னு தெரிஞ்சும் நான் பேசாம நின்னேன்" என்றாள். திட்டு விழும், நாற்காலி போகும், போகட்டும் என்று மனதைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

மேனேஜர் அவளை நிமிர்ந்து பார்த்து, "யாருக்குக்கா வரும் இந்த மனசு?" என்றார். "தானா வந்து ஒத்துக்கறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! எல்லாரும் அக்காவைப் பார்த்துக் கத்துக்கணும்." சொல்லிவிட்டுக் கை தட்டினார்.

எல்லாரும் தட்டினார்கள். பழுது பார்க்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்.

"கை தட்டாதீங்க" என்றாள் அவள். அடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். "ஐயோ, தட்டாதீங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினாள். அவள் ஷட்டர் பக்கம் பார்த்தாள். இருபத்தோரு பேரில் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. சின்னவள் தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, இந்தப் பாராட்டு விழாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் அடங்கியபிறகு மேனேஜருக்கு நினைவு வந்தது. "நீங்களும் வாங்கம்மா, நாளைக்கே சேர்ந்துக்கங்க. தப்பா எடுத்துக்காதீங்க, என்ன?"

"வர்றேன் சார்" என்றாள் சின்னவள். "ஆனா பெட்டியிலேருந்து எடுத்த உடனே நான் ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்துக்குவேன். அதுக்கப்புறம்தான் அக்கா மேசைக்குத் தள்ளுவேன்."

"நல்ல யோசனை" என்றார் மேனேஜர். அதை அன்றைக்கே விதியாக எழுதச் சொன்னார். எழுதவேண்டியவள் பூதக்கண்ணாடி. சுவரில் இருந்த பழைய விதிக்குக் கீழே எழுதி ஒட்டினாள்.

மறுநாளிலிருந்து சின்னவள் வேலைக்கு வருகிறாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள், பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். வீட்டில் குழம்பு மேலேயும் கீழேயும் போய்வருகிறது. அடுப்படியில் வேலை இருந்தால் சின்னவள் குழந்தையைத் தூக்கி இவள் மடியில் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறாள். மேசையில் மட்டும் அப்படி இல்லை. மூடி, அடி, நாலு ஓரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆறு படம். கேமரா ஆறு தடவை சொடுக்குகிறவரை பூதக்கண்ணாடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு நாளைக்கு நாற்பது லேப்டாப். வேகமாக எடு என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது?

மூன்று மாதம் போன பிறகு ஒருநாள் மதியம், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் என்மேல நம்பிக்கை வரலையா?"

சின்னவள் கடைசி ஓரத்தையும் படம் எடுத்தாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நம்பிக்கை இருக்குக்கா" என்றாள். "அன்னைக்கும் இருந்துச்சு. உங்க கண்ணு தப்பாப் பார்க்காதுன்னு நம்பினதாலதானே, ரெண்டு மாசம் நான் என் பிள்ளையைத் தொடல."

லேப்டாப்பை இவள் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த பெட்டியைப் பிரிக்கக் குனிந்தாள்.